மகிழ்ச்சியைக் கூலியில் கழிக்கலாமா?

மண்பாண்டம் செய்து விற்கும் பெண்களிடம் விலை கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள் சொல்வார்கள். முதலாவது, "மண்ணுதானே, இவ்வளவு விலையா?" இரண்டாவது, "உங்களுக்கு எவ்வளவு பிடிச்ச வேலை! குடுத்து வெச்சவங்க நீங்க." முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்வது எளிது. மண், எரிவாயு, வாடகை என்று கணக்கைச் சொன்னால் கேட்டவர் ஒப்புக்கொள்வார், அல்லது வாங்காமல் போவார். இரண்டாவது வாக்கியம் பாராட்டாக வருகிறது. அதைச் சொல்பவர் முகத்தில் உண்மையான அன்பும் இருக்கிறது. ஆனால் சொன்ன கையோடு, "ஒரு நூத்தம்பது ரூபா கொறச்சுக்கங்களேன்" என்பார். பாராட்டுக்கும் பேரத்துக்கும் நடுவில் வெளியே சொல்லப்படாத ஒரு கணக்கு ஓடுகிறது. இந்த வேலையில் உனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியே உன் கூலியில் ஒரு பகுதி. மிச்சத்தை மட்டும் நான் கொடுத்தால் போதும் என்கிற கணக்கு அது.

இந்தக் கணக்கு நியாயமா? பன்னிரண்டு வருடமாகப் புதுச்சேரிக்கு வெளியே ஒரு சிறிய பட்டறையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறேன். இது குயவு வேலைக்கு மட்டுமான கேள்வி இல்லை. ஆசிரியை, செவிலி, எழுத்தாளர், நடனம் கற்றுத்தருபவர், வீட்டில் சமைப்பவர் என்று தன் வேலையில் விருப்பமுள்ள எந்தப் பெண்ணிடமும் இந்தக் கணக்கு நீட்டப்படுகிறது. நான் நன்கு அறிந்தது மண் என்பதால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்வது ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சட்டி பானை இல்லை. கோப்பை, கிண்ணம், தட்டு, ஜாடி. ஸ்டோன்வேர் என்று சொல்லப்படும் வகை. ஏறக்குறைய 1280 டிகிரியில் சுட்டு எடுப்பது. 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு இந்தப் பகுதியில் இவ்வகைப் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அவற்றில் கணிசமானவற்றைப் பெண்கள் நடத்துகிறோம்.

வேலையின் மகிழ்ச்சியை மறைக்க எனக்கு விருப்பமில்லை. காலையில் பிசைந்த மண்ணுருண்டையைச் சக்கரத்தில் அறைந்து வைத்து, தண்ணீர் தொட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தி நடுவுக்குக் கொண்டுவரும்போது அது முதலில் கைகளை உதறித் தள்ளும். பிறகு ஒரு கணத்தில் அடங்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கைக்குள் மண் அசையாமல் நிற்கிறது. பல ஆயிரம் முறை செய்த பிறகும் அந்தக் கணம் எனக்குப் பழையதாகவில்லை. சூளையைத் திறக்கும் காலை இன்னொன்று. சாம்பல் நிறக் குழம்பாகப் பூசிய பூச்சு பச்சையாகவோ தேன் நிறமாகவோ மாறி நிற்கும். நானே கலந்தது, நானே பூசியது. இருந்தாலும் அது எனக்கு வந்த தபாலைப் போல இருக்கும்.

எரிச்சல்களும் அதே அளவு உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மண் காய்வதில்லை. கைப்பிடி ஒருபக்கம் ஈரம், கோப்பை ஒருபக்கம் உலர்வு என்று ஆகி, சேருமிடத்தில் மயிரிழைபோல விரிசல் விடும். அடி சீவும்போது நன்றாக இருந்த கிண்ணம் சூளையிலிருந்து வரும்போது அடியில் ஆங்கில எஸ் எழுத்துபோலப் பிளந்திருக்கும். பூச்சு உருண்டு விலகி வெற்று மண் தெரியும். அல்லது வழிந்து ஓடி, பாத்திரத்தைச் சூளைப் பலகையோடு ஒட்டிவிடும். உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்க்க வேண்டும். மண் சுருங்கும், ஈரத்தில் 11 சென்டிமீட்டர் உயரமாக இருந்தது சுட்டபின் பத்துக்கும் கீழே வந்துவிடும். "போன தடவை வாங்குன அதே அளவு வேணும்" என்று கேட்பவரிடம் இதை விளக்குவது தனி வேலை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு சுற்றில் 60 கோப்பைகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். மண் பிசைந்து எடைபோட்டு உருட்ட 5 மணி நேரம். சக்கரத்தில் 6. அடி சீவ 5. கைப்பிடி இழுத்து ஒட்ட 6. இரண்டு முறை சூளையில் அடுக்கி இறக்க 5. பூச்சைச் சலித்து, அடியைத் துடைத்து, முக்கியெடுக்க 6. சூளையோடு காவலிருக்க 7. தேய்த்து, கழுவி, காகிதம் சுற்றிக் கட்ட 4. தரை துடைத்து, கழிவு மண்ணை மறுபடி பதப்படுத்த 4. மொத்தம் 48 மணி நேரம். அறுபதில் விற்கத் தகுந்ததாக 50 மிஞ்சும். அதாவது ஒரு கோப்பைக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேர உழைப்பு. கோப்பையின் விலை 600 ரூபாய். கடையில் வைத்து விற்றால் கடைக்கு 240 போகும். மண், பூச்சுப் பொருள், எரிவாயு, மின்சாரம், வாடகை எல்லாமாக 200. உழைப்புக்கு மிஞ்சுவது 160. கடையில்லாமல் கண்காட்சியில் விற்றால் அந்த 240இன் இடத்தில் அரங்க வாடகையும் வண்டிச் செலவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நூற்றைம்பது ரூபாய் குறைக்கச் சொல்பவர் மண்ணின் விலையையோ எரிவாயுவின் விலையையோ குறைக்கச் சொல்லவில்லை. அவற்றைக் குறைக்க முடியாதென்று அவருக்கும் தெரியும். அவர் கைவைப்பது அந்த 160இல்தான்.

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. காண்போர் மகிழ்ச்சி என்று நினைப்பது சக்கரத்தின் முன் இருக்கும் நேரத்தை. கைபேசியில் படம் எடுப்பதும் அதைத்தான். 48 மணி நேரத்தில் அது 6, எட்டில் ஒரு பங்கு. மற்ற ஏழு பங்கும் பிசைவது, சலிப்பது, துடைப்பது, கழுவுவது, தூக்குவது, அடுக்குவது, காவலிருப்பது. பட்டறைத் தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. மண்ணிலும் பூச்சிலும் உள்ள சிலிக்கா தூள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும், தினமும். இந்த வினைச்சொற்களை வரிசையாகப் படித்தால் அவை எங்கிருந்து வருகின்றன என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அடுப்படியிலும் இதே சொற்கள்தான். தாளிக்கும் ஒரு நிமிடத்தின் மணம் வாசல்வரை வரும். அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் உரிப்பதும் அரிவதும் கழுவுவதும் யாருக்கும் மணப்பதில்லை.

வீட்டு வேலையைப் பற்றிப் பெண்ணியம் இதைப் பலகாலமாகப் பேசியிருக்கிறது. 1970களில் எழுந்த 'வீட்டு வேலைக்குக் கூலி' இயக்கத்தில் சில்வியா ஃபெடரிச்சி முன்வைத்த வாதங்களில் ஒன்று, வீட்டு வேலையை அன்பு என்று பெயர் மாற்றியதால்தான் அதற்குக் கூலி கேட்பதே அசிங்கமான செயலாகிவிட்டது என்பது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைக்கப்பட்டது. தொகை சிறியதா பெரியதா என்பது வேறு விவாதம். 'உதவி' என்றோ 'அன்பளிப்பு' என்றோ சொல்லாமல் 'உரிமை' என்று சொன்னதைப் பல பெண்கள் கவனித்தார்கள். அன்பும் உழைப்பும் ஒரே வேலைக்குள் இருக்கலாம், ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

கழித்துக்கொள்ளும் கணக்கில் மூன்று பிழைகளைப் பார்க்கிறேன்.

முதலாவது, மகிழ்ச்சியை எனக்குத் தந்தது யார்? மண் தந்தது, தண்ணீர் தந்தது, பல வருடப் பழக்கத்தில் என் கைகள் தந்தன, எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தந்தார்கள். வாங்குபவர் தரவில்லை. அவர் தர வேண்டியது என் ஒரு மணி நேரத்துக்கான விலை. தான் தராத ஒன்றைத் தான் தர வேண்டியதிலிருந்து கழித்துக்கொள்ள ஒருவருக்கு என்ன உரிமை? பக்கத்து வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள் என்பதற்காக, நான் வேலை பார்த்த வீட்டுக்காரர் என் கூலியைக் குறைக்க முடியுமா?

இரண்டாவது, மகிழ்ச்சி கூலியைக் குறைக்குமென்றால் துன்பம் கூலியைக் கூட்ட வேண்டும். அப்படியானால் மலக்குழியில் இறங்குபவருக்கும், விடியுமுன் தெருவைக் கூட்டுபவருக்கும், செங்கல் சூளையில் வெயிலில் நிற்பவருக்கும்தான் இந்த நாட்டில் மிக அதிக ஊதியம் கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பது நேர்மாறாக. ஆகவே யாரும் உண்மையில் மகிழ்ச்சியையும் துன்பத்தையும் எடைபோட்டுக் கூலி தருவதில்லை. குறைத்துத் தர ஒரு காரணம் தேவைப்படும்போது மட்டும் தராசு வெளியே வருகிறது.

மூன்றாவது, இந்தத் தராசு எல்லோருக்கும் வருவதில்லை. கிரிக்கெட் வீரருக்கு விளையாட்டில் இருக்கும் ஆசையைக் காட்டி அவர் ஏலத் தொகையை யாரும் குறைப்பதில்லை. அறுவை மருத்துவரிடம் போய், "உங்களுக்குத்தான் இந்த வேலை ரொம்பப் பிடிக்குமே, பில்லைக் குறையுங்கள்" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. ஆணின் விருப்பம் அவன் திறமைக்குச் சான்றாகிறது. பெண்ணின் விருப்பம் அவள் வேலையைப் பொழுதுபோக்காக்குகிறது. "வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார் இல்ல?" என்ற கேள்வி அந்தப் பொழுதுபோக்கின் மறுபக்கம்.

இதுவரை சொன்னது நடுத்தர வர்க்கப் பெண்ணான என் பக்கத்து வழக்கு. இதோடு நிறுத்தினால் கதை பாதிதான். மண்ணில் என்னைவிடப் பல தலைமுறை மூத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கு வேறு முகத்தோடு வருகிறது.

இந்தியாவின் பல பகுதிகளில் குயவுத் தொழில் செய்யும் சமூகங்களில் பெண்கள் சக்கரத்தில் உட்காரக் கூடாது என்ற வழக்கம் இருந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது. மண்ணைக் காயவைப்பது, கல் பொறுக்குவது, சலிப்பது, மணல் கலப்பது, மிதிப்பது, காய்ந்த பாண்டத்தைத் தேய்த்து மெருகேற்றுவது, சூளைக்கு எரு சேர்ப்பது, கூடையில் சுமந்துபோய் விற்பது எல்லாம் பெண்கள் செய்வார்கள். ஆனால் 'பானை செய்தவர்' என்று கேட்டால் சக்கரம் சுற்றியவரையே காட்டுவார்கள்.

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில், பானைத் தொழில் செய்யும் வீடு ஒன்றில் ஒரு வயதான அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பானை செய்வது யார் என்று கேட்டேன். "அவருதாம்மா. நான் கூடமாட ஒத்தாசை" என்றார். சொல்லும்போது அவர் கையில் தட்டுப்பலகை இருந்தது. நம் ஊர்ப் பானையைச் சக்கரத்தில் வாயும் கழுத்தும் தோளுமாக எடுத்து, அடி திறந்தபடியே அறுத்து வைப்பார்கள். பிறகு உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடி மூடி உருண்டை வடிவம் வரும். அந்த வீட்டில் அதைச் செய்பவர் அந்த அம்மா. சக்கரத்திலிருந்து இறங்கியபோது தண்ணீர் நிற்காத பொருள் அது. தண்ணீர் நிற்கும் பானையாக அதை ஆக்கியது அவர் கை. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ஒத்தாசை.

"சக்கரத்துல நாங்க குந்தக் கூடாதும்மா. அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றார். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் என்று நான் சொன்னபோது அவர் பலகையை நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே சொன்னார்: "அடி கூடுறப்ப சத்தம் மாறும் பாரு. தொப்பு தொப்புன்னு கேட்டது டொண்ணுன்னு வரும். அந்தச் சத்தத்தக் கேக்க எனக்கு அவ்ளோ ஆசை. இத்தினி வருசத்துல, இந்த வேல உனுக்குப் புடிக்குதான்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்ல."

அங்கே எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. என்னிடம் என் மகிழ்ச்சியைக் காட்டிக் கூலியைக் கேள்வி கேட்கிறார்கள். அவரிடம் குறைந்த கூலியைக் காட்டி, அவருக்கு மகிழ்ச்சியோ கலையோ இருக்க முடியாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். என்னைக் 'கலைஞர்' என்று அழைத்துவிட்டு, உனக்கெதற்குப் பணம் என்கிறார்கள். அவரைத் 'தொழிலாளியின் மனைவி' என்று அழைத்துவிட்டு, உனக்கேது ரசனை என்கிறார்கள். மகிழ்ச்சிக்கும் கூலிக்கும் நடுவே கோடு போட்டு, ஒரு பெண்ணுக்கு ஒன்றுதான் என்று பிரித்துத் தருவது வர்க்கமும் சாதியும் சேர்ந்து செய்யும் வேலை. நான் சக்கரத்தில் உட்கார யாரும் தடை சொல்லவில்லை. காரணம் என் துணிச்சல் இல்லை. அது என் குலத்தொழில் இல்லை என்பதால் அந்த விதி என்னைத் தீண்டவில்லை. கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்டேன், மின்சாரச் சக்கரம் வாங்கினேன். பிடிக்கவில்லையென்றால் நாளை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். அந்த அம்மாவுக்கு வேலைக்குள் வரும் கதவும் இல்லை, வெளியே போகும் கதவும் இல்லை. பிறந்தபோதே உள்ளே இருந்தார். அப்படியிருந்தும் அந்தச் சத்தத்தில் அவருக்கு ஆசை இருக்கிறது. அது அவருடையது.

விலக்கு மண்ணின் குணத்தில் இல்லை. நீலகிரியில் கோத்தர் சமூகத்தில் பானை செய்வது பெண்களின் வேலை. மணிப்பூரின் ஆன்ட்ரோவில் பெண்கள் சக்கரமே இல்லாமல் பானைகளை உருவாக்குகிறார்கள். சங்க இலக்கியத்தில் புறநானூற்றின் 66ஆம் பாடலைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். ஊரும் தொழிலுமே அவர் பெயர். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்து, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர் அவர். பல நூற்றாண்டு கழித்து வந்த பெரியபுராணத்தில் தில்லைக் குயவர் திருநீலகண்ட நாயனாரின் மனைவி வருகிறார். தன்னைத் தொடக் கூடாது என்று அவர் இட்ட ஆணைதான் அந்தக் கதையையே நடத்துகிறது. ஆனால் அவருக்குப் பெயர் இல்லை. குயத்தி என்ற சொல் ஒரு காலத்தில் பெயராக நின்றிருக்கிறது. இன்னொரு இடத்தில் குயவரின் மனைவி என்பதோடு முடிந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பையும் கேட்க வேண்டும். பணக் கணக்கு நுழைந்தால் மகிழ்ச்சி கெட்டுவிடாதா? ஜப்பானிய சிந்தனையாளர் யானகி சோயெட்சு 1920களில் 'மிங்கெய்' என்ற கருத்தை, அதாவது எளிய மக்களின் கைவினை என்பதை முன்வைத்தார். பெயர் போடாத, புகழ் தேடாத, மலிவாக நிறையச் செய்யப்பட்ட அன்றாடப் பாத்திரத்தில்தான் ஆரோக்கியமான அழகு இருக்கிறது என்பது அவர் பார்வை. குயவர்கள் உலகெங்கும் அவரை விரும்பிப் படிக்கிறார்கள். நானும்தான். என் மேசையில் தினமும் புழங்குவது ஊர்ச் சந்தையில் வாங்கிய தயிர்ச் சட்டி. அதன் வளைவுக்கு ஈடாக நான் இன்னும் ஒன்று செய்யவில்லை. ஆனால் பெயரின்மையை அழகு என்று சொல்ல ஒருவருக்கு முதலில் பெயர் இருக்க வேண்டும். தானே விலக்கிவைக்கும் பெயரும் ஒருபோதும் தரப்படாத பெயரும் ஒன்றாகா. மலிவும் அப்படித்தான். மலிவாகக் கொடுப்பது என் விருப்பமாக இருந்தால் அது கொடை. நான் மறுக்க முடியாதபோது அது கொடையாகாது. என் தோழிகளுக்குக் கிண்ணங்களை இனாமாகக் கொடுத்திருக்கிறேன், சந்தோஷமாக. அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம் என்பதே.

பெயருக்கும் விலைக்கும் உள்ள உறவை மண்ணில் வேலை செய்த பெண்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சான் இல்டெஃபோன்சோ பூர்வகுடிப் பெண்ணான மரியா மார்ட்டினஸின் கறுப்புப் பானைகள் புகழ்பெற்று, அவர் கையெழுத்திட்ட பானைக்கு விலை கூடியபோது, ஊரின் மற்றப் பெண்கள் செய்த பானைகளிலும் அவர் தன் பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது குழப்பமாக இருந்தது. ஊர்ப் பெண்களுக்கு அது அரிசி பருப்பு. வியன்னாவிலிருந்து 1938இல் தப்பி லண்டன் வந்த லூசி ரீ, பிழைப்புக்காக ஆடைகளுக்கான பீங்கான் பொத்தான்கள் செய்தார். 1946இல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் ஹான்ஸ் கோப்பர். பிறகு இருவரும் சேர்ந்து செய்த பாத்திரங்களின் அடியில் இருவர் முத்திரையும் இருக்கும்.

இந்த இடத்தில் கேள்வி என் பக்கம் திரும்புகிறது. என் பட்டறையில் நான் மட்டும் வேலை செய்யவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வருகிறார். மண் பிசைவது, கைப்பிடி ஒட்டுவது, பூச்சு முக்குவது எல்லாம் இருவரும் பகிர்ந்து செய்கிறோம். கைப்பிடி இழுப்பதில் அவர் கை என் கையைவிட நிதானமானது. பாடிக்கொண்டே செய்வார். நிழல் இருக்கிறது, மேற்பார்வையாளர் யாரும் கத்துவதில்லை, மாதவிடாய் நாளில் உட்கார இடம் இருக்கிறது, கம்பெனி வேலையைவிட இது தேவலை என்று அவரே சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போது என் மனதில் ஒரு வாக்கியம் எழும்: 'இவருக்கு இங்கே பிடித்திருக்கிறது.' அந்த வாக்கியத்தின் அடுத்த வரி எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கண்காட்சி மேசையின் மறுபக்கம் நின்று அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிடித்திருக்கிறது, ஆகவே கொஞ்சம் குறைவாக. முதலாளியாக ஆகும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு மிக வசதியானது. அன்பின் மொழியிலேயே அதைச் சொல்லிவிடலாம். 'நம்ம வீடு மாதிரி' என்று சொல்லலாம்.

ஆகவே எங்கள் பட்டறையில் சில விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இருவர் நேரத்தையும் ஒரே நோட்டில் எழுதுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரே விலை. சக்கரத்துக்கு ஒன்று, தரை துடைப்பதற்கு ஒன்று என்று இரண்டு இல்லை. சூளையில் போனதற்கும் கைதவறி உடைந்ததற்கும் யார் கூலியிலும் பிடித்தம் கிடையாது. சக்கரம் வாரத்தில் இரண்டு பிற்பகல் அவருக்கு, அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. கோப்பைகளின் அடியில் இருவர் முத்திரையும் இடலாம் என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். "பேரு எதுக்குக்கா? மொதல்ல ரேட்ட ஏத்துங்க, அப்புறமா பேரப் போடலாம்." ஏற்றினோம். முத்திரையும் இப்போது இருக்கிறது. ஒரு சிறிய நெல்மணி வடிவம், அவரே செதுக்கியது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நாங்கள் இருவரும் செய்யும் கோப்பையை எங்களில் ஒருவர்தான் யோசிக்காமல் வாங்க முடியும். நியாயமான கூலி வைத்தால் பொருள் வசதியானவர்களின் அலமாரிக்குப் போகிறது. எல்லோர் வீட்டுக்கும் போக வேண்டுமென்றால் யாரோ ஒருவரின் ஒரு மணி நேரம் காணாமல் போக வேண்டும். விழுப்புரத்து அம்மாவின் பானை 100 ரூபாய்க்குக் கிடைப்பது இந்த இரண்டாவது வழியில்தான். இதற்கு விடை ஒரு பட்டறைக்குள் இல்லை. ஆனால் விலை மலிவாக இருக்கும் இடத்திலெல்லாம் எந்தப் பெண்ணின் எந்த வேலைக்கு ஒத்தாசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேடலாம். பெரும்பாலும் அது கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு பெண்களுக்குச் செய்யும் இன்னொரு தீங்கையும் சொல்ல வேண்டும். அது மகிழ்ச்சியை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. விலை பேசும் இடத்தில் எனக்குத் தெரிந்த பெண் குயவர்கள் எல்லோரும் முதுகுவலியைப் பற்றியும் உடைந்த பாண்டங்களைப் பற்றியும்தான் பேசுவோம். எல்லாமே உண்மை. ஆனால் அந்த மண் அடங்கும் கணத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டோம், திறந்தால் நூற்றைம்பது ரூபாய் போகும். தாய்மையைப் பற்றியும் இப்படித்தான். சிரமத்தைச் சொன்னால் பாசமில்லாதவள், சந்தோஷத்தைச் சொன்னால் உதவி தேவைப்படாதவள். சிரமத்தையும் சந்தோஷத்தையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு பெண்ணுக்கு இடமில்லாமல் போவது, கூலி குறைவதற்குச் சமமான இழப்பு என்றே நினைக்கிறேன்.

கல்லூரி மாணவிகள் சிலர் பட்டறைக்கு வருவார்கள். இந்த வேலையை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும், கஷ்டத்தோடு முடியும் என்று சொல்வேன். மண்ணை நடுவுக்குக் கொண்டுவரச் சில மாதங்கள் ஆகும், அவசரப்பட வேண்டாம். ஆனால் நோட்டில் மணி எழுதுவதை முதல் நாளிலேயே தொடங்குங்கள். சக்கரத்தின் முன் இருந்த நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். தரை துடைத்த நேரம், மண் சலித்த நேரம், சூளையோடு விழித்திருந்த இரவு எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்களோடு வேறொருவர் வேலை செய்தால் அவர் நேரத்தையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து விலை வையுங்கள். வாங்க வருபவர், "உங்களுக்குப் பிடிச்ச வேலையாச்சே" என்று சொன்னால், "ஆமாம், ரொம்பப் பிடிக்கும். விலை 600 ரூபாய்" என்று சொல்லிப் பழகுங்கள்.